அவளுக்கு இறங்கிய சோறு

மூன்றாவது கீமோ முடிந்த சமயம், டாக்டர் என்னையும் என் மனைவியையும் எதிரே உட்காரவைத்து ஒரு விஷயம் சொன்னார். எடை இதற்குமேல் இறங்கக் கூடாது. இறங்கினால் அடுத்த ஊசியைத் தள்ளிவைக்க வேண்டிவரும். தள்ளிப்போனால், சுருங்கிக்கொண்டிருக்கும் கட்டி மறுபடி தலைதூக்கும். "எப்படியாவது சாப்பிட வையுங்கள்" என்றார், ஏதோ நான் அவளைப் பட்டினி போட்டுக்கொண்டிருப்பதுபோல. எனக்குக் கோபம் மூக்குநுனியில் இருக்கும். டாக்டரிடம் அதைக் காட்ட முடியுமா? தலையை ஆட்டிவிட்டு எழுந்து வந்தேன்.

கேரள எல்லையோரப் பாறசாலையிலிருந்து உள்ளே திரும்பும் ரோட்டில், நின்று கூப்பிட்டால் தமிழ்நாட்டில் கேட்கும் தூரத்தில் எங்கள் வீடு. வீட்டை ஒட்டியே என் எண்ணெய் மில். ஊர்க்காரர்கள் கொப்பரை கொண்டுவருவார்கள், ஆட்டிக் கொடுப்பேன். நோய் என்று தெரிந்த நாள்முதல் சபைப் பெண்கள் முறைபோட்டுச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். அயிலை மீன்கறி, மரச்சீனிக் கிழங்கு மசித்தது, பயறுத் தோரன். கொண்டுவந்தவர்கள் ஜெபம் செய்துவிட்டுப் போய்விடவும் மாட்டார்கள். கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவள் இரண்டு உருண்டை வைப்பாள், எழுந்து புறவாசலுக்கு ஓடுவாள். அங்கிருந்து வரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு எல்லாரும் தரையைப் பார்ப்பார்கள்.

நாங்கள் மாற்றாதது இல்லை. சிவப்பரிசியை விட்டு வெள்ளரிசி. மிளகாயை விட்டு மிளகு. அயிலை போய் நெத்திலி வந்தது, நெத்திலி போய்க் கோழி வந்தது. அலுமினியப் பானையைத் தூக்கிப் போட்டு மண்சட்டி வாங்கினேன். கணவனை இழந்த என் அக்கா காஞ்சிரங்குளத்திலிருந்து வந்து எங்களோடு தங்கிச் சமைத்துக்கொண்டிருந்தாள். அவளும் செய்து பார்க்காத கூட்டான் இல்லை. எல்லாம் புறவாசலுக்குத்தான் போயிற்று.

ஒருநாள் அக்கா அகப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள். "எலே, இவளுக்கு என் கை பிடிக்கல்ல. வேற ஆரயாவது விளிச்சுட்டு வா. நான் வீட்டுக்குப் போறேன்."

"நீ ஒருத்தி பாக்கி, இப்ப நீயும் தொடங்கு" என்று நான் கத்தினேன்.

ரத்தப் பரிசோதனைக்காக வாரம் இரண்டுமுறை திருவனந்தபுரம் போவோம். அன்று ரத்தம் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வெளியே இருந்த கேண்டீனுக்குக் கூட்டிப்போனேன். வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டாள். பின்பக்கம் இறங்கும் சரிவில் அவள் முன்னால் நடக்க, நான் முணுமுணுத்துக்கொண்டு பின்னால் போனேன். அங்கே தகரக்கூரை போட்ட ஒரு கடை. கட்டட வேலைக்கு வந்த வங்காளத்துக்காரர்கள் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் நின்றாள்.

"இஞ்ச கேறலாமா?"

"இதுக்குள்ளயா? ஒனக்குக் கிறுக்கு பிடிச்சுதா?"

அவள் உள்ளே ஏறி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். வெளிச்சாப்பாடு என்றால் கண்முன் வெந்து சூடாக வர வேண்டும், பச்சையாக எதுவும் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தார். கடைக்காரர் வேலைக்கு வந்த இடத்தில் கற்ற மலையாளத்தில் என் பயத்தைக் கேட்டுக்கொண்டு, வெங்காயம் போடாமல் உருளைக்கிழங்கை அவித்து மசித்து, கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்து தந்தார். கூடவே ஆவி பறக்கும் சோறு, தண்ணீராய் ஓடும் பருப்பு. கடுகெண்ணெய் மணம் என் மூக்கில் ஏறி எனக்குத் தும்மல் வந்தது. அவள் சாப்பிட்டாள். எப்போது எழுந்து ஓடுவாளோ என்று நான் பிளாஸ்டிக் பையை மடியில் விரித்துவைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஓடவில்லை. தட்டில் பாதி தீர்ந்திருந்தது. எனக்கு அந்தக் கடைக்காரரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது.

மர்மம் உருளைக்கிழங்கில்தான் இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன். வரும் வழியில் நெய்யாற்றின்கரையில் காரை நிறுத்தி ஒரு பை நிறைய வாங்கினேன். அக்கா அதை அவித்து மசித்து, வற்றல் மிளகாயும் சின்ன உள்ளியும் தாளித்துக் கொட்டி, வாசனையாகக் கொண்டுவந்து வைத்தாள். என் மனைவி முதல் உருண்டையிலேயே எழுந்துவிட்டாள். அக்கா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அடுக்களைக்குள் போனாள்.

அடுத்த முறை ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு நேபாளத் தம்பதியின் கடை. மாடிப்படிக்கு அடியில் அடுப்பு, வெளியே மூன்று ஸ்டூல். இஞ்சி தட்டிப்போட்ட கோழிச்சாற்றில் நூடுல்ஸ் மிதக்க ஒரு பெரிய கிண்ணம் வந்தது. அவள் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து ஆவியை இழுத்தாள். பிறகு உறிஞ்சிக் குடித்தாள். கடைக்காரப் பெண் இன்னும் கொஞ்சம் ஊற்றிவிட்டுப் போனாள். நானும் ஒரு கிண்ணம் வாங்கினேன். எனக்குச் சப்பென்று இருந்தது. அன்றைக்கும் வாங்கிக்கொண்டு போன நூடுல்ஸை வீட்டில் அக்கா செய்தாள், அன்றைக்கும் அது புறவாசலுக்குப் போனது.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு வெறி பிடித்துவிட்டது. ஆஸ்பத்திரிச் செலவில் ஏற்கெனவே முழி பிதுங்கிக்கொண்டிருந்ததால் பெரிய ஹோட்டல் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. ஆட்டோக்காரர்களைப் பிடித்து, வெளியூர்க்காரர்கள் போய்ச் சாப்பிடும் விலை குறைந்த கடை எங்கே எங்கே என்று விசாரித்தேன். ஒருவர் என்னைப் போலீஸ் என்று நினைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டார். ராஜஸ்தான்காரர்கள் பளிங்குக்கல் அறுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சுட்ட ரொட்டியும் பருப்பும் கிடைத்தன. அது அவளுக்கு இறங்கியது. ஆந்திராக்காரர் மெஸ்ஸில் காரம் தாங்காமல் கண்ணீர் விட்டாள், ஆனால் வாந்தி இல்லை. சீனக் கடை என்று சிவப்புப் போர்டு வைத்திருந்த ஒரு இடத்தில் மட்டும் வாசற்படி ஏறியவள் அப்படியே திரும்பினாள். உள்ளே எட்டிப் பார்த்தேன். அடுப்படியில் நின்றிருந்தவர் அசல் நம்மூர்க்காரர்.

அன்று காரில் எனக்கு வாய் நிற்கவில்லை. "அங்க எறங்கும், இஞ்ச எறங்காதா? வீட்டுச் சோறு மட்டும் கசக்குதா ஒனக்கு? எங்கக்கா என்ன வெசமா வைக்கா?"

மில்லிலிருந்து எண்ணெய் டின் ஏற்றுவதும் அந்தக் காரில்தான். அவள் பின்சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடியை முழுக்க இறக்கி, தலையை வெளியே நீட்டிக்கொண்டு வந்தாள். பாலராமபுரம் தாண்டும்வரை நான் திட்டிக்கொண்டே வந்தேன். அதன்பிறகு எனக்கே தொண்டை வலித்தது.

வாரத்தில் இரண்டு நாள் கடையில் சாப்பிட்டு, மிச்ச நாளெல்லாம் பட்டினி கிடந்தால் உடம்பு எப்படித் தேறும்? எடை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே இருந்தது. நர்ஸ் ஒவ்வொரு முறையும் மெஷினைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார். கடைசியில் சொல்லியேவிட்டார். "இனி குறஞ்ஞா டாக்டர் சம்மதிக்கில்லா, சேட்டா." அடுத்த ஊசிக்கு அதிக நாள் இல்லை. இரவில் அவள் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருப்பாள். அவளுடைய தோள் எலும்பை நைட்டிக்கு மேலாகவே பார்க்க முடிந்தது.

மாலத்தீவிலிருந்து வைத்தியத்துக்கு வரும் குடும்பங்கள் வீடு எடுத்துத் தங்கும் தெரு ஒன்று ஆஸ்பத்திரிக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. அங்கே ஒரு வீட்டின் கார் ஷெட்டில் அந்த ஊர் அம்மா ஒருவர் சாப்பாட்டுக் கடை நடத்துவதாக ஒரு ஆட்டோக்காரர் சொன்னார். போனோம். சூரை மீனை உப்பும் தண்ணீரும் மட்டும் விட்டு வேகவைத்து, தெளிந்த சாறாக எடுத்துச் சோற்றில் ஊற்றி, எலுமிச்சம்பழம் பிழிந்து தந்தார்கள். சூரை எங்கள் பொழியூர்ப் பக்கத்து மீன்காரர்களும் கொண்டுவருவதுதான். இதை எப்படி இவள் தின்பாள் என்று பார்த்தால், அவள் கிண்ணத்தைத் தூக்கி அடிச்சாறுவரை குடித்தாள். குடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அந்தப் பல்லைப் பார்த்து.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த அம்மாவிடம் எங்கள் கதை முழுக்கச் சொன்னேன். அவருக்கும் பரிதாபமாகிவிட்டது. கொஞ்சம் இருங்கள் என்று உள்ளே போனார். அதே சோறு, அதே மீன், அதே சாறு இன்னொரு கிண்ணத்தில் வந்தது. மேலே பொன்னிறமாகப் பொரித்த உள்ளியும் மிளகாயும் எண்ணெயோடு சளசளத்துக்கொண்டிருந்தன. உங்கள் ஆட்களுக்காகத் தேங்காய் எண்ணெயில் தாளித்திருக்கிறேன், அது இல்லாமல் உங்களுக்கு இறங்காதே என்று மலையாளத்தில் சொன்னார். கிண்ணம் மேசையைத் தொடுவதற்குள் என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

எனக்குப் பொட்டில் அறைந்தமாதிரி இருந்தது. கிண்ணங்கள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். மீன் அதே மீன். கை அதே கை. கூட வந்தது ஒரு கரண்டி எண்ணெய் மட்டும். அரிசியை மாற்றினோம், மீனை மாற்றினோம், சட்டியை மாற்றினோம். எண்ணெயை மாற்ற எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்களுக்கு எண்ணெய் என்றால் அது ஒன்றுதான். அதை ஒரு சாமான் என்றே நாங்கள் நினைப்பது கிடையாது. சபைப் பெண்கள் கொண்டுவந்த அத்தனை கூட்டானும் நான் ஆட்டிக் கொடுத்த எண்ணெயில் வெந்ததுதான்.

"எடீ, எண்ணெயா?" என்று கேட்டேன்.

அவள் மேசையைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

"பின்ன முன்னமே சொல்லப்பிடாதா?"

"மொதல்ல எனக்கும் தெரியாது. பொறவு தெரிஞ்சுது" என்றாள். அதற்குமேல் அவள் பேசவில்லை. நான் அவசரத்தில் அதைக் கவனிக்கவும் இல்லை.

பாறசாலைக் கடைவீதியில் நான் பாக்கெட் எண்ணெய் வாங்கினால் ஊர் சிரிக்கும் என்று திருவனந்தபுரத்திலேயே வாங்கி, துணிப்பைக்குள் பழைய பேப்பர் சுற்றி எடுத்துவந்தேன். அக்கா பையைத் திறந்து பார்த்துத் திகைத்துப்போனாள்.

"எண்ணெ மில்லுகாரன் வீட்டுல பாக்கெட் எண்ணெயா? எலே, இது பெரிய நாணக்கேடாக்கும்."

"நாணம் பாத்தா ஆள் மிஞ்சாது" என்றேன். அவள் வாயை மூடிக்கொண்டு அடுக்களையைக் கழுவ ஆரம்பித்தாள். வீட்டிலிருந்த தேங்காய் எண்ணெய் ஜாடிகளை மில்லுக்குள் கொண்டுபோய் வைத்தேன். சபைப் பெண்களிடம் கொஞ்ச நாளைக்குச் சாப்பாடு வேண்டாம் என்று அக்காவையே சொல்லச் சொன்னேன். நான் சொன்னால் சண்டையில் முடியும்.

அன்று மதியம் சூரியகாந்தி எண்ணெயில் வதக்கிய கூட்டானும் சோறும் வைத்தோம். என் கண்டுபிடிப்பை நேரில் பார்க்க வேண்டாமா? மில்லை நிறுத்திவிட்டு வந்து, கட்டிலில் அவளுக்குப் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தேன். தட்டை நானே பிடித்துக்கொண்டேன். அவள் ஒரு வாய் வைத்தாள். இரண்டாவது வாய் உள்ளே போகவில்லை. கை வாய்க்குப் போனது.

தட்டைத் தரையில் வைத்த வேகத்தில் சோறு தெறித்தது. "இனி நான் என்ன மயிருக்குக் கெடந்து ஓடணும்? நீ சாவணும்ணே முடிவு கட்டிட்டியா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு நிற்கப் பிடிக்காமல் மில்லுக்குப் போய் மோட்டாரைப் போட்டேன். அந்தச் சத்தத்தில் நான் அழுதது எனக்கே கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா மில் வாசலில் வந்து நின்றாள். மோட்டாரை நிறுத்தச் சொல்லிக் கைகாட்டினாள்.

"எலே, நீ எறங்கிப் போன பொறவு அவ தின்னாச்சு. முழுச் சோறும்."

"உள்ளதா?"

"உள்ளதாக்கும்." அக்கா தயங்கினாள். "நீ பக்கத்துல இரிக்கப்பிடாதுண்ணு தோணுது மக்கா."

எனக்குச் சுருக்கென்றது. நான் கத்துவதால்தான் என்று நினைத்தேன். இரவு வாயே திறக்காமல், அவளுக்குப் பக்கத்தில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து பார்த்தேன். அவள் தட்டைத் தொடவில்லை. எழுந்து வெளியே போனேன். சாப்பிட்டாள். மறுநாளும் அப்படியே. ஊசிக்கு முந்தைய எடைப் பரிசோதனைக்கு ஒரு வாரம்கூட இல்லை. அன்று சாயங்காலம் அவள் ஜன்னலோரம் படுத்திருந்தபோது, வாசல்படியில் நின்றபடியே கேட்டேன்.

"என்னக் கண்டா ஒனக்கு என்ன செய்யுது?"

அவள் போர்வை நுனியை மூக்குவரை இழுத்துக்கொண்டாள்.

"சொல்லு. நான் கத்தமாட்டேன்."

"ஒங்களுக்கும் அதே மணமாக்கும்" என்றாள். "சட்ட, தல, கை எல்லாம். நீங்க வாசல்ல வரும்பமே எனக்குப் பெரட்டிக்கிட்டு வருது. வெளிக்கடையில காத்தும் வேற மணமும் அத அமுக்கிரும்."

நான் என் கைகளைப் பார்த்தேன். சின்ன வயதில் மில்லில் ஏறியவன் நான். அந்த மணம் எனக்கு எப்போதோ தெரியாமல் போய்விட்டது.

"இத ஒரு வார்த்த சொல்லியிருந்தா?"

"எப்பிடிச் சொல்ல?" அவள் அழ ஆரம்பித்தாள். "எனக்கு ஒங்கள வெறுத்துப்போச்சோண்ணு நெனச்சேன். கட்டின ஆள வெறுக்குற மனசு வந்துட்டுதேண்ணு ராத்திரியெல்லாம் ஜெபம் பண்ணிக்கிட்டுக் கெடந்தேன். அந்த வங்காளிக் கடையில தின்ன பொறவுதான் எண்ணெயிண்ணு மனசிலாச்சு. எண்ணெயிண்ணு சொன்னா, பொறவு ஒங்களயும் சொல்லணுமில்லியா?"

ஓடிப்போய் அவள் தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஒரு அடி எடுத்துவைத்தேன். அவள் மூக்கு சுருங்கியது. நின்றுவிட்டேன். வாழ்நாளில் எனக்குக் கோபப்பட ஆளே கிடைக்காமல் போனது அன்றைக்குத்தான்.

மில்லைப் பூட்டினேன். கார்பாலிக் சோப்புப் போட்டுத் தோல் சிவக்கும்வரை தேய்த்தேன். எண்ணெய் வைத்து வளர்த்த தலையை மொட்டையடித்தேன். அவளுக்குக் கீமோவில் ஏற்கெனவே முடி போயிருந்தது. இரண்டு பேரும் எங்கே நேர்ந்துகொண்டு வந்தோம் என்று ஒருவர் கேட்டார், அவரைக் கெட்டவார்த்தை சொல்லித் துரத்தினேன். புதுச்சட்டை எடுத்தேன். அக்காவை மூக்கை வைத்துப் பார்க்கச் சொன்னேன். "இப்பமும் உண்டு" என்றாள். தோலுக்குள் ஊறினது அவ்வளவு சீக்கிரம் போகுமா? அன்றிலிருந்து காஞ்சிரங்குளத்தில் பூட்டிக்கிடந்த அக்கா வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

மிச்சமிருந்த நாட்களில் ஒருநாள் விட்டு ஒருநாள், எண்ணெய் மணக்கும் எங்கள் காரை விட்டுவிட்டு, டாக்ஸி பிடித்துத் திருவனந்தபுரம் போனோம். நான் முன்சீட்டில், அவள் பின்னால். கார் ஷெட்டில் மீன்சாறு, சந்தில் கோழிச்சாறு, சரிவில் உருளைக்கிழங்கு. ஒவ்வொரு கடையிலும் அவளை மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்துவிட்டு, நான் கடைசி மேசையில் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். வங்காளக் கடைக்காரர் இரண்டு மேசையையும் பார்த்துவிட்டு, என்னிடம் குனிந்து மலையாளத்தில் ரகசியமாகக் கேட்டார், சண்டையா என்று. ஆமாம் என்றேன். பாவம் அவர், சமாதானம் செய்துவைப்பதுபோல இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி மீன் துண்டு கொண்டுவந்து வைத்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை. பின்னால் அவள் கரண்டி தட்டில் படும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் நின்றால் என் மூச்சும் நின்றது. மறுபடி கேட்டால் மூச்சு வந்தது.

எடை பார்க்கும் நாள் வந்தது. அக்காவுக்குக் காய்ச்சல் என்பதால் துணைக்கு அவளைக் கூட்டிவர முடியவில்லை. என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு மெஷினில் ஏறினாள். சால்வையை எடுக்கச் சொன்னார் நர்ஸ். எடுத்தாள். முள் ஆடி ஆடி நின்றது. நான் வராந்தாவின் மறுகோடியில் நின்றிருந்ததால் எனக்கு முள் தெரியவில்லை, நர்ஸின் முகம்தான் தெரிந்தது. அவர் குனிந்து பார்த்தார், இறங்கி மறுபடி ஏறச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, கையை மேல்நோக்கிக் காட்டினார். குறையவில்லை. கொஞ்சம் கூடியிருந்தது. ஊசி அன்றைக்கே போடலாம் என்று டாக்டர் சம்மதித்தார்.

கட்டிலில் படுக்கவைத்தார்கள். கூட வந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். வாசலில் நின்ற என்னை நர்ஸ் அதட்டி உள்ளே அனுப்பினார். நாற்காலியை எவ்வளவு தூரம் தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளிப்போட்டு உட்கார்ந்தேன். நரம்பு கிடைக்கவில்லை. குத்தினார்கள், எடுத்தார்கள், வேறு இடத்தில் குத்தினார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். பிறகு சால்வை நுனியை மூக்கில் வைத்து அழுத்தி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, இன்னொரு கையை என் பக்கமாக நீட்டினாள். எட்டவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு அந்தக் கையைப் பிடித்தேன். இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மருந்து இறங்க ஆரம்பித்தது. அவளுக்கு ஓங்கரித்தது, உடம்பு முழுக்கக் குலுங்கியது. நான் சட்டென்று கையை விடுவித்து எழப் பார்த்தேன்.

"இரிங்க" என்றாள், முகத்தைத் திருப்பாமல்.